மெக்சிகோ அண்ணனின் சாப்பாட்டு சிபாரிசு

பசியோடு வந்து நிற்பவனுக்கு, கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி இருக்கிற கடைக்கு வழி சொல்லி அனுப்பக்கூடிய மனிதர் இந்த வளைகுடா முழுக்கச் சலித்தாலும் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் அறையில், என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தார்.

துபாயில் அல் குசைஸ். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துத் தரும் லாண்டரி கம்பெனி. எந்த வண்டியில் எந்த ஓட்டல் மூட்டை ஏற வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அவர் ப்ரஸ்ஸிங் மிஷினில் நின்றார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். இங்கே வருவதற்கு முன்னால் பல வருஷம் அமெரிக்கப் பக்கம் ஓடுகிற ஓர் உல்லாசக் கப்பலின் அடித்தளத்தில் இதே வேலையைப் பார்த்தவர். அந்தக் கப்பல் வாரம் ஒரு காலை மெக்சிகோவைச் சேர்ந்த கொசுமெல் என்கிற தீவில் நிற்கும். வேலைக்காரர்கள் கொஞ்ச நேரம் இறங்கிக் காலாற நடந்துவிட்டு வரலாம். அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் இங்கே வந்தும் வருஷக்கணக்காகப் பேசினார்.

பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் மெக்சிகோ அண்ணன். பெஷாவர்க்கார சூப்பர்வைசருக்கு மெக்சிகோ பாய்.

அரியலூரிலிருந்து ஒருத்தர் புதிதாக எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். பெட்டியைக் கீழே வைத்த கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இங்க பரோட்டா எங்க நல்லா இருக்கும்?" கேட்டது மெக்சிகோ அண்ணனிடம். நாங்கள் தடுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"சாப்பாடுதானே? சொல்றேன் கேளு. கப்பல்லேருந்து எறங்குறியா. வாசல்ல எடது பக்கம் வரிசையா கடை இருக்கும். அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத. அதெல்லாம் டூரிஸ்டுக்கு. நேரா உள்ள போ. அஞ்சாறு தெரு தாண்டுனா ஒரு மஞ்ச செவுரு வரும்."

"எந்தக் கப்பல்ணே?"

"குறுக்க பேசாத. மஞ்ச செவுரு. அதுல ஒரு பச்சக் கதவு."

அரியலூர்க்காரர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். கொசுமெல்லைச் சுற்றி முடித்து அவர் வெளியே வந்தபோது தெருமுனைப் பரோட்டாக் கடையில் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். துபாய்க்கு வந்த முதல் நாள் அந்த மனிதர் காய்ந்த குப்பூஸ் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்.

அந்தத் தீவின் சமையலை அவர் சொல்லக் கேட்டால் நாக்கில் நீர் ஊறும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பன்றிக்கறியை வாழை இலையில் பொதிந்து மண்ணுக்குள் புதைத்து வேகவைப்பார்களாம். காலையில்தான் கிடைக்கும், தாமதமாகப் போனால் வெறும் சட்டிதான். எலுமிச்சை பிழிந்து கோழி போட்ட ரசம். மக்காச்சோள மாவைக் கையாலேயே தட்டிச் சுடுகிற சின்ன ரொட்டி. "மொளகா ஒண்ணு இருக்கு பாரு, பாக்க குட்டிக் குடமொளகா மாதிரி சாதுவா இருக்கும். அதை நறுக்குனா மூணாவது வூட்டுல கொழந்தை அழுவும்."

ஆனால் ஒரு கடையைப் பற்றி உருப்படியாகக் கேட்டால் அவர் சொல்லும் பதில் மட்டும் விசித்திரமாக இருக்கும்.

"அந்தக் கடையில சாப்பாடு எப்படிண்ணே?"

"செவுத்தோரமா ஒரு டேபிள் போட்டிருப்பாங்க. ப்ளக் பாயின்ட் உண்டு. எவ்ளோ நேரம் உக்காந்தாலும் எழுப்ப மாட்டாங்க."

"சாப்பாடுண்ணே."

"அதான் சொல்றேனே. அருமையான கடை."

கடலைப் பார்த்து நாற்காலி போட்டிருக்கும் கடைகள் அவருக்கு ஆகவே ஆகாது. "காத்து. சத்தம். கடலுக்கு முதுகு காட்டி உக்காந்தா மூஞ்சி கருப்பா தெரியும்" என்பார். யாருக்குத் தெரியும் என்று எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னொரு அரை மணி நேரம் போகும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. அறையில் சமைத்து, தரையில் பேப்பர் விரித்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். முதுகு எங்கள் பக்கம். "என்னண்ணே, எங்க மேல கோவமா?" என்று கேட்டால், "பழக்கம்டா" என்பார். சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? ஏசியிலிருந்து வழிந்த தண்ணீர்க் கறை ஒன்று இருந்தது. மனிதர் அதைப் பார்த்தபடி கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடிப்பார்.

மெக்சிகோவை விட்டால் அவருக்கு இன்னொரு பேச்சு உண்டு. மனைவி. அவர் மனைவியைப் பெயர் சொல்லிப் பேசுகிற ஆள் இல்லை. "வூட்டுல" என்பதுதான் பெயர். வூட்டுல சொல்லிச்சு, வூட்டுல கேட்டுச்சு. வூட்டுலயை ஒரு தடவை விசிட் விசாவில் இங்கே கூட்டிவர வேண்டும். எதிர் எதிரே உட்கார்ந்து ஓர் ஓட்டலில் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. லீவில் ஊருக்குப் போனால் வீடு நிறைய ஆட்கள். அந்த அம்மா நின்று பரிமாறும், இவர் சாப்பிடுவார், எல்லாரும் எழுந்தபின் அது அடுக்களையில் தனியாகச் சாப்பிடும். லீவு முடிந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் கூட்டியாந்துடுவேன்" என்பார். அந்த அடுத்த வருஷத்தில் தங்கச்சி கல்யாணம் வரும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வரும், வீட்டுக்குத் தளம் போடுகிற வேலை வரும்.

மற்ற எல்லாவற்றுக்கும் அவரைக் கிண்டல் செய்த நாங்கள் இந்த ஆசைக்கு மட்டும் சிரித்ததில்லை. அறையில் என்னையும் இன்னொருத்தரையும் தவிர எல்லாருக்கும் ஊரில் மனைவி இருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் கௌதமுக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் கம்பெனியில் சேல்ஸ் பார்ப்பவன், கோயம்புத்தூர்ப் பையன். அவன் மனைவி வித்யா இங்கே ஒரு பாங்கில் வேலை பார்த்தாள். ஹனிமூனுக்கு அந்தப் பெண் தேர்ந்தெடுத்த நாடு மெக்சிகோ. கௌதம் நேராக ப்ரஸ்ஸிங் மிஷினுக்கு வந்தான்.

"ஏனுங்ணா, கொசுமெல்லும் போறோம். எங்க சாப்பிடறதுன்னு சொல்லுங்ணா."

அந்தக் கேள்வியை ஒருத்தர் நிஜமாகவே கேட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மிஷினை நிறுத்திவிட்டார். அந்த வாரம் முழுக்க, சூப்பர்வைசர் "ஜல்தி, மெக்சிகோ பாய், ஜல்தி" என்று கத்தக் கத்த, ஆவிக்கு நடுவில் நின்று கௌதமுக்கு வகுப்பு எடுத்தார். கௌதம் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தேன். கேட்கவில்லை.

அவர்கள் போன மறுவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனின் போன் அடித்தது. அங்கே அப்போது காலை. கௌதம்தான். கொசுமெல்லிலிருந்து செலவைப் பார்க்காமல் நேரடியாகக் கூப்பிட்டிருந்தான். அண்ணன் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார். அறை மொத்தமும் கேட்டது.

"என்ன கௌதமு, சாப்பாடு எப்படி?"

"அண்ணா, நீங்க சொன்ன எல்லாக் கடையிலயும் டேபிள் செவுத்தைப் பாத்துத்தானுங்ணா இருக்குது. கல்யாணமாகி ஹனிமூன் வந்துட்டு, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பரீட்சை எழுதற மாதிரி சாப்பிட்டுட்டு இருக்கோம்."

அரியலூர்க்காரர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"பச்சக் கதவு கடைக்குப் போனியா?"

"இப்ப அங்கதான் இருக்கோம். அதுக்குத்தான் கூப்பிட்டேன். உள்ள நுழைஞ்சதும் அந்தக் கடைக்கார அம்மா, இந்தியாவா, துணி தோய்க்கறவர், கப்பல்னு சைகை காட்டிக் கேட்டுது. ஆமான்னேன். உடனே வித்யாவைக் கட்டிப் புடிச்சு அழுக ஆரம்பிச்சிருச்சு. சரோகா, சரோகாங்குது. வித்யா என்னைய மொறைக்கறா. இதுக்கு முன்னால யாரைக் கூட்டிட்டு இங்க வந்தீங்கன்னு கேக்கறா. யாருங்ணா அந்தச் சரோகா?"

நாங்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். மெக்சிகோவில் அண்ணனுக்கு ஒரு சரோகா. விஷயம் இப்படிப் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒருத்தர் எழுந்து உட்கார்ந்தேவிட்டார்.

அண்ணன் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வூட்டுல."

"யாரு வூட்டுலங்ணா?"

"எங்க வூட்டுலடா. அது பேரு சரோஜா. அந்த ஊரு வாய்க்கு ஜா வராது."

போனை வித்யா வாங்கினாள். "அண்ணா, அவங்களுக்கு எப்படி உங்க ஒய்ஃபைத் தெரியும்? அவங்க இங்க வந்திருக்காங்களா?"

அப்புறம் அவர் சொன்னதை நாங்களும் சேர்ந்துதான் கேட்டோம். கப்பலில் நெட் போட்டுப் பேசக் கட்டுப்படியாகாது. வாரம் ஒரு நாள் தீவில் இறங்கும்போது கடைகளில் வைஃபை சும்மா கிடைக்கும். சுவரோரமாக மேஜை உள்ள கடையாகப் பார்த்து உட்காருவார். போனைச் சுவரில் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில் இருட்டியிருக்கும். சரோஜா மாடிப்படியில் தட்டோடு வந்து உட்கார்ந்திருக்கும். இவருக்குக் காலைப் பலகாரம், அதற்கு ராத்திரிச் சாப்பாடு. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். கடைக்கார அம்மா குனிந்து எட்டிப் பார்த்து ரொட்டியைக் காட்டும், சரோஜா தன் தட்டில் இருக்கும் மீனைக் காட்டும். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் புரியாது.

"அவங்க ரெண்டு பேருந்தான் பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் சும்மா சாப்புடுவேன்" என்றார் அண்ணன். "அங்க மட்டுந்தாம்மா அதைப் பேரு சொல்லிக் கூப்புடுவேன். நம்ம ஆளுங்க யாரு இருக்கா அங்க, சிரிக்க?"

கடைகளுக்கு அவர் கொடுத்த நற்சான்றிதழ் எல்லாம் எதற்காக என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்திலேயே மிகச் சிறந்த சாப்பாட்டுத் தீவு அவருக்கு ஏன் அதுவானது என்பதும்.

"அப்ப இங்க ஏண்ணே அது மாதிரி பேசல?" என்று நான் கேட்டேன்.

"இங்க வாட்ஸ்அப் கால் போவாது. இன்னொரு ஆப்புல போட்டா மூஞ்சி அப்படியே நின்னுபோயிடுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவும் போக, இத்தினி ஆம்பளைங்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு சரோஜான்னு எப்புடிடா கூப்புடுறது."

சுவரைப் பார்த்து உட்காரும் பழக்கம் மட்டும் அவரோடு வந்திருக்கிறது. சுவரில் சாய்த்து வைக்கத்தான் ஆள் இல்லை.

வித்யா திரும்பி வந்ததும் காரியத்தில் இறங்கினாள். "அடுத்த வருஷம்ங்கிற பேச்சே இருக்கக் கூடாதுண்ணா. எங்க ஃப்ளாட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்றாள். ஹனிமூனை அண்ணன் கெடுத்ததற்கு அவள் தீர்த்துக்கொண்ட பழி இதுதான். விசா வந்தது. டிக்கெட் போட்டாகிவிட்டது. அப்போதுதான் அண்ணனுக்கு வியர்க்கத் தொடங்கியது. மனைவியோடு எங்கே போய்ச் சாப்பிடுவது? கொசுமெல்லின் சந்து பொந்து தெரிந்தவருக்கு அல் குசைஸில் ஒரு கடை தெரியவில்லை.

இந்த ஊர் ஓட்டல்களில் கீழே எங்களைப் போல் தனி ஆட்கள். படியேறினால் ஃபேமிலி. அவர் வேவு பார்க்கப் புறப்பட்டார். முதல் கடையில் மலையாளி மேனேஜர் படியிலேயே மறித்துவிட்டார்.

"மேலே ஃபேமிலி மாத்திரம், சேட்டா."

"ஃபேமிலி வருது."

"எப்போ வரும்?"

"அடுத்த மாசம்."

மறுநாள் துணைக்கு என்னை அழைத்துப் போனார். இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து வந்தால் ஃபேமிலி ஆகிவிடும் என்று எந்தக் கணக்கில் நினைத்தாரோ. அடுத்த கடையிலும் விரட்டினார்கள். இப்படியே கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் காரைக்கால்க்காரர் நடத்தும் ஓட்டலில் மேலே எட்டிப்பார்க்க விட்டார்கள். மரத் தடுப்பு, பூப்போட்ட திரைச்சீலை, தனித்தனிக் கேபின். அண்ணன் மயங்கிவிட்டார்.

"அண்ணே, இந்தக் கடை சாம்பாரை வாயில வைக்க முடியாது" என்றேன். "மீன் குழம்பு அதைவிட மோசம். உப்பு போடுறது எங்கேன்னு சமையல்காரனுக்கே தெரியாது."

"அது கெடக்குதுடா. திரை இருக்கு பாத்தியா."

சரோஜா அக்கா வந்து இறங்கினார். நல்ல உயரம், கணீர்க் குரல். ஏர்போர்ட்டில் அண்ணன் அவருக்கு நாலடி முன்னால் நடந்தார், ஊரில் நடப்பது போலவே. மறுநாள் சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். நாங்கள் அறையில் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"தம்பி, இங்க கொஞ்சம் வா."

"என்னாச்சுண்ணே?"

"எதிர உக்காந்திருக்கு."

"அதுக்குத்தானே கூட்டிட்டுப் போனீங்க?"

"நேரா பாக்குதுடா. சோறு எறங்கல. என்ன பேசுறதுன்னும் தெரியல. கை கழுவுற எடத்துல நிக்கிறேன்."

"மெக்சிகோவைப் பத்திப் பேசுங்க."

"அதெல்லாம் அதுக்குத் தெரியுண்டா."

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் எனக்குப் பயம். இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்துவிட்டு, கிடைத்த அன்றைக்கு ஊமையாக உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவாரோ. அந்த அம்மா என்ன நினைத்துக்கொள்ளும்? காரைக்கால்க்காரர் படியில் மறித்தார். அவசரம் என்று சொல்லி ஏறினேன். கேபின் திரை பாதி விலகியிருந்தது.

எதிர்ப் பக்க இருக்கை காலியாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த தடுப்பைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. அக்கா பேச்சை நிறுத்தவே இல்லை. "அந்தப் பச்சக் கதவு அம்மாவுக்கு முட்டிவலி இருந்துச்சே, இப்பத் தேவலாமா?" அண்ணன் வாயில் சோற்றோடு ஏதோ பதில் சொன்னார். பிறகு நன்றாகக் கேட்கிற குரலில், "சரோஜா, அந்த மீனை இந்தாண்ட தள்ளு" என்றார்.

நான் திரையை இழுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

"நேருக்கு நேரா பாத்தா மனுசன் தாசில்தார் ஆபீசுல நிக்கிற மாதிரி நெளியிறாரு. அதான் நானே எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி உக்காந்துட்டேன்" என்று அக்கா பின்னால் வித்யாவிடம் சொல்லியிருக்கிறார். விசா முடிகிற வரைக்கும் தினமும் அதே கடை, அதே கேபின். வேறு கடைக்குப் போகலாம் என்று கௌதம் கெஞ்சியும் இரண்டு பேரும் மசியவில்லை.

அக்கா ஊருக்குப் போன பிறகு அண்ணன் மெக்சிகோவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அரியலூர்க்காரரே ஒரு நாள் மனது கேட்காமல், "அண்ணே, அந்த மஞ்ச செவுரு எந்தத் தெருவுலன்னு சொன்னீங்க?" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். "இருக்கும்டா எங்கயாச்சும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வாயை மூட வைக்க என்னென்னவோ செய்தவர்கள் நாங்கள். அந்த அமைதியை எங்களால் தாங்க முடியவில்லை.

கான்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. கலாஸ், எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு ஊருக்கே போய்விட்டார். அறையில் அப்புறம் ஆட்கள் மாறினார்கள். கௌதமும் வித்யாவும் தோஹாவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பழைய கூட்டத்தில் இங்கே இன்னும் இருப்பது நான் மட்டும்தான். கீழ்க்கட்டிலில் இப்போது படுத்திருப்பவர் நல்லவர்தான், காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்தால் காலையில்தான் எழுந்திருப்பார்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் பெரிதாகக் கேட்டது. "தம்பி, இவரை ஊருல இப்ப துபாயின்னு கூப்புடுறாங்க. மலேசியாவுக்குப் போறவன் வந்து சொல்லிக்கிட்டா, குசைஸ்ல பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு கடை இருக்குன்னு அவனைப் புடிச்சு உக்கார வெச்சுக்கிறாரு."

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். "அந்தக் கடைக்குப் போறியாடா? மீன் கொழம்பு இன்னும் அதே ருசியா இருக்கா?"

முந்தின நாள்கூட அங்கே போயிருந்தேன். என்னைப் படியேற விடமாட்டார்கள், கீழேதான் உட்கார்ந்தேன். குழம்பு எப்போதும் போலத்தான், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. நல்ல கடை நாலு இருக்கும்போது நான் ஏன் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அதே ருசிதாண்ணே" என்றேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே அண்ணன் அவர். அவரிடம் போய் அந்தக் குழம்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வருமா?